எஸ்டீம் ஸ்டாக் வகுப்பு: கேம்பரையும் டேம்பரையும் திறந்து விடலாமா?

பாலக்கோடு எஸ்டீம்:
வரும் சீசனுக்கு நம் க்ளப் எழுதியிருக்கும் ஸ்டாக் வகுப்பு, அதாவது கம்பெனியிலிருந்து வந்தபடியே கார் ஓட்டும் ரேஸ் வகுப்பின் விதி வரைவைப் படித்தேன். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1300 சிசி பெட்ரோல் கார். எஞ்சினில் கை வைக்கக் கூடாது. பிரேக் பேட், பிரேக் ஆயில், ஏர் ஃபில்டர் அவரவர் விருப்பம். முன் சக்கர கேம்பரை, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணத்தை, ஸ்ட்ரட் (ஸ்ப்ரிங்கும் டேம்பரும் சேர்ந்து சக்கரத்தைத் தாங்கும் தூண்) உச்சியில் துளையை நீட்டி மாற்றிக்கொள்ளலாம். டேம்பர், அதாவது ஷாக் அப்சார்பர், எந்தக் கம்பெனியுடையதும் போடலாம். கடைசி இரண்டும் வேண்டாம் என்பது என் கருத்து.

நான் 85,000 ரூபாய்க்குப் பழைய மாருதி எஸ்டீம் ஒன்று வாங்கி, ரோல் கேஜ் (கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டு), சீட், பெல்ட் மட்டும் போட்டு ஓட்ட வந்தவன். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர்களுக்கு சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கும் சரி, கோவை கரி ட்ராக்கும் சரி, ஒரு வழிக்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல். காரை ஏற்றிப் போகும் வாடகை, தங்கும் செலவு, டயர் எல்லாம் சேர்ந்து ஒரு வாரக் கடைசியில் கையிருப்பு காலி. இதற்கு மேல் டேம்பரிலும் போட்டி என்றால், யாரிடம் பணம் இருக்கிறதோ அவர்தான் முன்னால் போவார். ஸ்டாக் என்ற சொல்லை நம்பித்தான் நானும் என்னைப் போல நாலைந்து பேரும் இதில் இறங்கினோம்.

ஓசூர் லேத்:
அண்ணா, நானும் செலவைத்தான் பேசுகிறேன், ஆனால் என் கணக்கு எதிர்ப்பக்கம் வருகிறது. போன சீசனில் கரியில் ஒரு நாள் பயிற்சி, இரண்டு ரேஸ் முடித்துக் கழற்றிய இடது முன் டயரை இன்னும் பட்டறை மூலையில் வைத்திருக்கிறேன். வெளி ஓரம் வழவழவென்று தேய்ந்து, ரப்பர் பக்கச் சுவர் வரைக்கும் மடிந்து உருண்டிருக்கிறது. பக்கச் சுவரில் சின்னதாக ஒரு முக்கோணக் குறி இருக்குமே, அதில் பாதியைக் காணோம். அதே டயரின் உள் ஓரத்தில் விரலை ஓட்டினால், புது டயரில் மீசை மாதிரி நிற்கும் ரப்பர் முடி அப்படியே தட்டுப்படுகிறது. முழு டயருக்குக் காசு கொடுத்தேன், பாதி டயர்தான் வேலை செய்தது.

காரணம் எல்லாருக்கும் தெரியும். வலது வளைவில் பாரம் முழுக்க இடது முன் சக்கரத்துக்கு வரும், பாடி சாயும்போது சக்கரமும் கூடவே வெளிப்பக்கம் சாய்ந்து வெளி ஓரத்தில் நின்றுவிடும். ஸ்ட்ரட் உச்சியை 10 மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் பால் ஜாயின்ட்டிலிருந்து உச்சி வரை சுமார் 600 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சக்கரத்துக்கு உள்பக்கச் சாய்வு கிட்டத்தட்ட ஒரு டிகிரி கிடைக்கிறது. அரத்தை வைத்து அரை நாள் வேலை, செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. டயர் இரண்டு மடங்கு நாள் வராவிட்டாலும் ஒன்றரை மடங்காவது வரும் என்பது என் அனுபவம்.

அப்புறம் டேம்பர். எஸ்டீம் உற்பத்தி 2007-ல் நின்றுவிட்டது. இன்றைக்குக் கம்பெனி டேம்பர் வேண்டும் என்று கடை கடையாகக் கேட்டுப் பாருங்கள். வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த சரக்கு வரும், இல்லாவிட்டால் பெட்டி மட்டும் ஒரிஜினலாக வரும். நான் அப்படி வாங்கிய ஜோடியில் ஒன்று மூன்றாவது ரவுண்டுக்குள் எண்ணெய் கசிந்தது. இல்லாத சாமானைக் கட்டாயமாக்கினால், நல்ல பழைய சரக்கு எங்கே கிடக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் லாபம். அதுவும் பணம் இருக்கிறவர் ஜெயிக்கிற கதைதானே?

தொப்பூர் கணவாய்:
இரண்டு சீசனாக, கார்கள் விதிப்படி இருக்கின்றனவா என்று பார்க்கும் பரிசோதனை மேசையில் நிற்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். விதியில் எழுதியிருப்பது மட்டும்தான் அனுமதி, எழுதாதது எல்லாம் தடை. ஸ்டாக் வகுப்புக்கு இதுதான் அஸ்திவாரம், இதில் நமக்குள் சண்டை இல்லை. ஆனால் தடை என்று எழுதிவிட்டு அதை அளக்க முடியாமல் நிற்பதைவிட மோசம் வேறு இல்லை, ஏனென்றால் அங்கே நேர்மையாக ஓட்டுகிறவர்தான் தோற்பார்.

நீங்கள் இருவரும் டேம்பரைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், எனக்குக் கவலை சிலிண்டர் ஹெட், அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி. எஸ்டீம் எஞ்சினில் போர் (சிலிண்டர் விட்டம்) 74, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5 மில்லிமீட்டர், நான்கு சிலிண்டரும் சேர்ந்து 1298 சிசி. ஒரு சிலிண்டருக்கு 324.7 சிசி. கம்ப்ரஷன், அதாவது உள்ளே வந்த கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது, 9.5 என்று வைத்துக்கொண்டால் பிஸ்டனுக்கு மேலே மிஞ்சும் இடம் 38.2 சிசி. ஹெட்டை அரை மில்லிமீட்டர் சீவினால் சுமார் 2.1 சிசி குறைந்து கம்ப்ரஷன் 10-ஐத் தொடும். ஏட்டுக் கணக்கில் இதனால் வரும் பலம் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைதான். 85 குதிரைத்திறன் எஞ்சினில் ஒரு குதிரை. ஆனால் இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஹெட்டைக் கழற்றி, மேலே துளை போட்ட கண்ணாடித் தட்டை கிரீஸ் தடவி வைத்து, ப்யூரெட்டில் (அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) எண்ணெய் விட்டு அளந்தால்தான் தெரியும். ஒருவர் செய்கிறார் என்று பேச்சு கிளம்பினாலே போதும், அடுத்த ரவுண்டுக்குள் எல்லா ஹெட்டும் கிரைண்டிங்குக்குப் போய்விடும்.

அமெரிக்காவில் மாஸ்டா மியாட்டா என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்கு மட்டும் என்று ஒரு வகுப்பு இருக்கிறது, எல்லாருக்கும் ஒரே கார். 2014 தேசியப் போட்டியில் அங்கே முன்வரிசையில் வந்த பல கார்கள் ரேஸ் முடிந்தபின் தகுதி இழந்தன. எல்லாம் ஹெட்டில் காற்று போகும் வழியில், வால்வு இருக்கைக்குக் கீழே, கொஞ்சம் கூடுதலாகச் சீவியிருந்ததற்காக. அத்தனை பேரும் திருடர்கள் என்று நான் நினைக்கவில்லை. எல்லாரும் செய்கிறார்கள், நாமும் செய்யாவிட்டால் முடியாது என்ற நிலைக்கு அந்த வகுப்பு வந்திருந்தது. நமக்கு அது வரக் கூடாது.

அரூர் புதுசு:
வணக்கம், இந்த வருடம்தான் கார் தயார் செய்கிறேன். இரண்டு சந்தேகம். பிரேக் ஆயிலுக்கு டாட் 4 போதுமா? ரோல் கேஜை பாடியோடு வெல்டிங் வைத்தால் தப்பா?

தொப்பூர் கணவாய்:
தம்பி, டாட் 4 போதும், ஆனால் புதிதாகத் திறந்த டப்பாவாக இருக்கட்டும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் இழுத்துவிட்டால் 155 வரை இறங்கிவிடும். தொப்பூர் இறக்கத்தில் ஓட்டியவர்களுக்குச் சூடான பிரேக்கில் பெடல் எப்படிக் கீழே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கேஜ் தையல் இல்லாத குழாயாக இருக்க வேண்டும், ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளையத்துக்கு 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 தடிமன், அல்லது 50-க்கு 2. நம் வரைவில் போல்ட் போடும் கேஜ் மட்டும்தான் இருக்கிறது. பல இடங்களில் வெல்டிங் வைத்தால் பாடி முறுக்காமல் விறைத்துவிடும், அதுவே ஒரு மாற்றம்.

பாலக்கோடு எஸ்டீம்:
ஹெட் விஷயத்தில் முழுக்க உங்கள் பக்கம். ஆனால் அதே நியாயத்தைக் கேம்பருக்கும் வையுங்கள். அமெரிக்காவில் எஸ்சிசிஏ என்ற ரேஸ் அமைப்பு 2014-ல் தன் ஆட்டோகிராஸ் போட்டிகளில் ஸ்டாக் பிரிவை எடுத்துவிட்டு ஸ்ட்ரீட் என்று கொண்டுவந்தது. காரணம், ரேஸ் டயரும் விலை உயர்ந்த டேம்பரும் புகுந்து ஸ்டாக் என்ற பெயருக்கே பொருத்தம் இல்லாமல் போனது. இப்போது அங்கே ட்ரெட்வேர் (டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று காட்டும் எண்) 200-க்குக் குறையாத சாலை டயர்தான். கேம்பரும் கார் கம்பெனி எந்த அளவுக்கு வழி வைத்திருக்கிறதோ அந்த அளவுதான் என்று அப்போது வைத்தார்கள். பெரிய அமைப்பு, பல வருடம் அடிபட்டு வந்த முடிவு. நாம் ஏன் அவர்கள் விட்டுவந்த இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்?

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்று சும்மா சொல்லவில்லை. இந்த வருடம் துளையை நீட்டலாம் என்பீர்கள். அடுத்த வருடம், அரத்தால் நீட்டினால் தகடு கிழிகிறது, அட்ஜஸ்ட் செய்யும் பிளேட் பாதுகாப்பு என்று ஒருவர் வருவார். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கும். அதற்கடுத்த வருடம் பிளேட்டோடு காயில் ஓவர், அதாவது உயரத்தை மாற்றக்கூடிய ஸ்ப்ரிங்கோடு வரும் டேம்பர். நியாயமான ஒவ்வொரு படியிலும் ஏறித்தான் கடைசியில் யாருக்கும் கட்டுப்படியாகாத உயரத்துக்குப் போய்ச் சேருகிறோம்.

ஓசூர் லேத்:
ஆட்டோகிராஸ் வேறு, நாம் ஓட்டுவது வேறு. அங்கே ஒரே கார் தனியாகக் கூம்புகளுக்கு நடுவே ஒரு நிமிடம் ஓடி நிற்கிறது, பாதிப் பேர் அதே காரில் வீட்டுக்குப் போகிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சுற்றே 3.7 கிலோமீட்டர். பக்கத்தில் இன்னொரு கார் உரசிக்கொண்டு வரும்போது வெளி ஓரம் போன டயரோடு கடைசிச் சுற்றுகளை ஓட்டியவன் நான். பிடி எப்போது விடும் என்றே தெரியாது. இது செலவு மட்டும் இல்லை அண்ணா, பயமும்தான்.

மடம் பிடுங்குவான் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதற்கு வாசலை மூடுவதா வழி? எண்ணைப் போடுவோம். இரண்டு டிகிரி, அதற்கு மேல் கிடையாது. எப்படிக் கொண்டுவந்தார் என்று கேட்க வேண்டாம், எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்ப்போம். அதற்கு மேல் வேண்டுகிறவருக்குத் தேசிய சாம்பியன்ஷிப்பில் இந்தியன் டூரிங் கார்ஸ் இருக்கிறது, அங்கே போகட்டும்.

தொப்பூர் கணவாய்:
இரண்டு டிகிரியை அளக்க நமக்குப் பெரிய மெஷின் தேவையில்லை. சமதளத்தில் சக்கரத்தை நேராக வைத்து, கொத்தனார் தூக்குக்குண்டை ரிம்மின் பக்கத்தில் தொங்கவிடுங்கள். 13 அங்குல ரிம்மில் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புக்கு 360 மில்லிமீட்டர் என்றால், நூலிலிருந்து இரண்டு விளிம்புக்கும் உள்ள தூரத்தில் 12.5 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் இரண்டு டிகிரி. ஓட்டுநர் கண்ணெதிரிலேயே ஸ்கேலை வைத்துக் காட்டிவிடலாம், வாக்குவாதத்துக்கு இடமே இல்லை.

டேம்பரில் அப்படி ஒரு அளவு என்னிடம் இல்லை. வெளியே பார்த்தால் கறுப்புக் குழாய், உள்ளே வால்வு எப்படி அடுக்கியிருக்கிறது என்று மைதானத்தில் யார் பிரித்துப் பார்ப்பது? எனவே அளவுக்குப் பதில் விலை. அட்ஜஸ்ட் திருகு இல்லாத டேம்பர், ஜோடிக்கு க்ளப் ஒரு விலை வைக்கும், ரேஸ் முடிந்ததும் சக போட்டியாளர் யாராவது அந்த விலையைக் கையில் வைத்தால் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். இந்த முறை வெளிநாட்டில் உள்ளூர் ரேஸ்களில் நெடுங்காலமாக எஞ்சினுக்கே இருக்கிறது. மூன்று மடங்கு செலவழித்து வால்வு மாற்றியவர் அதை ஒரு மடங்கு விலைக்கு இழக்கத் துணிய மாட்டார்.

பாலக்கோடு எஸ்டீம்:
தூக்குக்குண்டு கணக்கை நேற்று ராத்திரி என் காரிலேயே போட்டுப் பார்த்தேன். இடது 3 மில்லிமீட்டர், வலது 1. ஸ்டாக் என்று நான் மார்தட்டிக்கொண்டிருந்த காரே இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை, எப்போதோ யாரோ எங்கோ இடித்திருக்கிறார்கள். இதைப் பார்த்தபின் கேம்பருக்கு எண் போடுவதை எதிர்த்துப் பேச என்னால் முடியவில்லை. இரண்டு டிகிரிக்கு என் ஓட்டு உண்டு. அட்ஜஸ்ட் பிளேட் கூடாது என்று அதே வரியில் எழுதிவிடுங்கள்.

டேம்பருக்கு இன்னும் இல்லை. கழற்றிக் கொடுக்கும் விதி எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் வேறு ஊரில் ரேஸ் முடிந்த ராத்திரி டேம்பரைக் கொடுத்துவிட்டு நான் எதைப் போட்டு அந்தக் காரை ஏற்றி வருவது? பதிலுக்கு அவருடைய ஜோடியை எனக்குத் தர வேண்டும் என்று சேர்த்தால் யோசிக்கிறேன், இல்லாவிட்டால் எதிர்த்துத்தான் கை தூக்குவேன்.

ஓசூர் லேத்:
பதிலுக்கு ஜோடி, சரி. நானே எழுதித் தருகிறேன்.

தொப்பூர் கணவாய்:
ஞாயிறு காலை ஆறு மணிக்கு, லாரிகள் வரிசை கட்டுவதற்கு முன், கிருஷ்ணகிரி பைபாஸ் எடை மேடையில் கார்களைக் கொண்டுவாருங்கள். அது 10 கிலோ படியில்தான் காட்டும், அதனால் குறைந்தபட்ச எடைக்கும் அந்தப் பத்தைச் சேர்த்தே விதியில் எழுதுவோம். ஏதாவது ஒரு காரின் ஹெட்டை அன்றைக்கே கழற்றி அளந்து எண்ணை எழுதி வைக்க வேண்டும், ஹெட் கேஸ்கெட் செலவு க்ளப் தரும்.

பாலக்கோடு எஸ்டீம்:
என் காரையே கழற்றலாம். ப்யூரெட் நீங்கள் எடுத்து வாருங்கள், கண்ணாடித் தட்டு என்னிடம் இருக்கிறது.