முதலாளிக்குத் தரும் பணி முன்னேற்றக் குறிப்பை எப்படி எழுதுவது?

கப்பலூர்க்காரன்:
அனைவருக்கும் வணக்கம். கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகங்கள் செய்யும் நிறுவனம் ஒன்றில் உற்பத்திப் பிரிவில் இருக்கிறேன். பழைய ஷெட்டை ஒட்டிப் புதிய ஷெட் கட்டி, அதில் இரண்டு ஹைட்ராலிக் பிரஸ்களை (ரப்பரை அழுத்தி வடிவம் கொடுக்கும் இயந்திரங்களை) நிறுவும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. இதுவரை எல்லாம் வாய்வார்த்தையாகவே நடந்தது. இப்போது வங்கிக் கடனும் சேர்ந்திருப்பதால், பதினைந்து நாளுக்கு ஒருமுறை எழுத்தில் தரும்படி முதலாளி கேட்கிறார். அவர் பொறியியல் படித்தவர் அல்லர், ஆனால் சரக்கைக் கையில் எடுத்ததுமே குறையைச் சொல்லிவிடுவார். அவருக்கு எவ்வளவு விவரம் எழுதலாம், வேலை எத்தனை சதவீதம் முடிந்தது என்று போட வேண்டுமா, தாமதத்தை எப்படிச் சொல்வது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

திருநகர் பெரியவர்:
தம்பி, சதவீதத்தை விட்டுவிடுங்கள். பிரஸ்ஸின் அடித்தளத்துக்குக் கான்கிரீட் போட்ட அன்று எழுபது சதவீதம் என்று எழுதினால், அடுத்த குறிப்பிலும் அதே எழுபதுதான் நிற்கும். கான்கிரீட்டின் வலுவை 28 நாள் கணக்கில் பார்ப்பார்கள் என்பதால், அதற்குமுன் பிரஸ்ஸை ஏற்றப் பொறியாளர் சம்மதிக்க மாட்டார். முதலாளியோ வேலை நின்றுவிட்டதாக நினைப்பார். மீதமிருக்கும் படிகளையும், ஒவ்வொன்றும் முடியும் தேதியையும், யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள்.

தொடக்கம் இப்படி இருக்கலாம்: "பிரஸ் ஓடத் தொடங்கும் நாள்: முன்பு சொன்னது ஜூலை 10, இப்போது ஜூலை 22. காரணம்: டிரான்ஸ்ஃபார்மர் வந்து சேரவில்லை. தங்கள் முடிவு தேவை: ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துச் சோதனை ஓட்டத்தை முடித்துக்கொள்ளலாமா? வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கவும்." இதற்குமேல் உள்ளவை எல்லாம் விவரம்தான்.

இந்த உதாரணத்திலேயே இன்னொன்றும் இருக்கிறது. ஜூலை 22 ஆடியில் விழுகிறது. உங்கள் கணக்கில் பன்னிரண்டு நாள் தாமதம், ஆனால் முதலாளி ஆவணி பிறந்த பிறகுதான் மெஷினுக்குப் பூஜை போடுவார் என்றால், அவர் கணக்கில் அது ஒரு மாதத்துக்கும் மேல். தாமதத்தை எழுதும்போது அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் சாரத்தில் ஆள் இருக்க மாட்டார்கள் என்பது மதுரையில் எல்லோருக்கும் தெரியும். அதைப் போய்த் தாமதத்துக்குக் காரணமாக எழுதாதீர்கள், திட்டத்திலேயே அந்த நாட்களைக் கழித்துவிடுங்கள்.

விளக்குத்தூண் கணக்கர்:
பெரியவர் பணத்தைத் தொடவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். தவணைக் கடனை வங்கி பொதுவாக வேலை நடக்க நடக்கப் பகுதி பகுதியாகவே விடுவிக்கும். பில்லையும் ஆடிட்டர் சான்றையும் கேட்கும். ஆகவே ஆர்டர் கொடுத்த தொகை, முன்பணமாகக் கொடுத்தது, பில் வந்தது ஆகிய மூன்றையும் "செலவு" என்று ஒரே தலைப்பில் கலந்துவிடாதீர்கள். பிரஸ்ஸுக்குக் கொடுத்த முன்பணத்தை நீங்கள் செலவில் சேர்த்து, ஆடிட்டர் சேர்க்காமல் விட்டால், முதலாளி வங்கி மேலாளர் முன் இரண்டு எண்களோடு உட்கார நேரும். தொகைகள் ஜிஎஸ்டி சேர்த்தவையா இல்லையா என்பதையும் ஒவ்வொரு முறையும் குறிப்பிடுங்கள். சதவீதம் வேண்டாம் என்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. வங்கி கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும், ஆனால் எதை வைத்துக் கணக்கிட்டது என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

மேலூர் வாசகி:
எங்கள் அலுவலகத்தில் முதலாளி எல்லாவற்றையும் காரில் போகும்போது கைபேசியில்தான் படிக்கிறார். ஒரே பக்கம், ஒவ்வொரு முறையும் அதே வரிசை என்று வைத்துக்கொண்டால், சென்ற குறிப்பிலிருந்து மாறியது எது என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். கம்பி அளவு, போல்ட் பட்டியல் போன்றவற்றை இணைப்பாக அனுப்பலாம்.

கப்பலூர்க்காரன்:
அனைவருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: தாமதத்துக்குக் காரணமான ஒப்பந்ததாரரின் பெயரை எழுதலாமா?

திருநகர் பெரியவர்:
பொறுப்பு யாருடையது என்ற இடத்தில் பெயர் இருக்கட்டும், காரணம் என்ற இடத்தில் வேண்டாம். "கூரைத் தகடு 5ஆம் தேதி வர வேண்டியது, 14ஆம் தேதி வந்தது" என்று எழுதினால் போதும். முதலாளி ஆளைப் பற்றிக் கேட்டால் நேரில் சொல்லிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் எப்படியும் ஒருநாள் ஒப்பந்ததாரர் கைக்கும் போகும், அடுத்த ஷெட்டுக்கும் அவரைத்தான் கூப்பிடுவீர்கள்.