பெர்லின் வந்தவுடன் கடிதப்பெட்டியில் பெயரை ஒட்டுங்கள்

வேலை நிமித்தமாக அண்மையில் பெர்லினுக்கு வந்திருப்பவர்கள் சம்பளம், வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு என்று தனித்தனியாகக் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை கடைசியில் முகவரிப் பதிவில்தான் வந்து முட்டுகின்றன. ஜெர்மானியர்கள் 'அன்மெல்டுங்' என்று சொல்லும் அந்தப் பதிவையும், அதன் பிறகு வீடு தேடி வரும் கடிதங்களையும் ஒழுங்காகக் கவனித்துக்கொண்டால் முதல் ஆண்டின் பாதித் தொல்லை தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

வீட்டில் குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் 'பியூர்கர்ஆம்ட்' எனப்படும் குடிமக்கள் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். இதற்குக் கட்டணம் இல்லை. அலுவலகத்தில் நேரம் கிடைப்பதுதான் பெரும்பாடு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. பெர்லினின் 12 மாவட்டங்களில் எங்கே நேரம் கிடைத்தாலும் முன்பதிவு செய்துகொள்ளலாம் என்பதால், மற்றவர்கள் ரத்து செய்யும் நேரங்கள் காலையில் இணையத்தில் வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். 115 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம்.

கடவுச்சீட்டு, பூர்த்தி செய்த படிவம் ஆகியவற்றுடன், நீங்கள் குடியேறியதை வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்டு உறுதிசெய்யும் தாளும் தேவை. 2015 நவம்பர் முதல் இந்தத் தாள் கட்டாயம். வாடகை ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது. சில விளம்பரங்களில் 'இங்கே அன்மெல்டுங் செய்ய இயலாது' என்று எழுதியிருப்பார்கள். வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஓரிரு வாரங்களுக்கு மேல் அப்படிப்பட்ட வீட்டில் தங்க வேண்டாம். குடியிருக்காத வீட்டின் முகவரியைப் பணத்துக்குத் தருகிறோம் என்று முன்வருபவர்களையும் நம்ப வேண்டாம். அவ்வாறு பொய் முகவரி தருபவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

படிவத்தில் மதத்தைக் கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. கத்தோலிக்கர் அல்லது சீர்திருத்தத் திருச்சபையினர் என்று பதிவானால், பெர்லினில் வருமான வரித் தொகையின் மீது 9 சதவீதம் தேவாலய வரியாகப் பிடிக்கப்படும். உண்மைக்கு மாறாக எழுதச் சொல்லவில்லை; நம் கிறிஸ்தவ நண்பர்கள் பலர் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்த பிறகே இதை அறிகிறார்கள் என்பதால் குறிப்பிடுகிறேன்.

இனி கடிதப்பெட்டி. இங்கே அடுக்குமாடி வீடுகளின் முகவரியில் தெருவும் கட்டட எண்ணும் இருக்குமே தவிர, பெரும்பாலும் வீட்டு எண் இருக்காது. ஆகவே தபால்காரருக்கு ஒரே அடையாளம் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயர்தான். அது இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். நம்மவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் அந்த இடத்தில் பெரும்பாலும் அப்பாவின் பெயர் இருக்கும். அரசு அலுவலகங்கள் அந்தப் பெயரால்தான் நம்மை அழைக்கும். நான் வந்த புதிதில், எல்லோரும் என்னைக் கூப்பிடும் பெயரை மட்டும் பெட்டியில் ஒட்டிவைத்துவிட்டு, வரி எண் ஏன் வரவில்லை என்று ஒன்றரை மாதம் காத்திருந்தேன். அப்பாவின் பெயரில் வந்த கடிதம் திரும்பிப் போயிருந்தது. கணவன், மனைவி இருவரின் கடவுச்சீட்டிலும் வெவ்வேறு பெயர்கள் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். வேறொருவர் வீட்டில் ஓர் அறையில் இருப்பவர்கள் அந்த வீட்டுப் பெயருக்குக் கீழே தங்கள் பெயரையும் சேர்த்து ஒட்ட வேண்டும்.

அந்த வரி எண் 11 இலக்கங்கள் கொண்டது. பதிவு முடிந்த சில வாரங்களில் தபாலில் வரும், ஆயுள் முழுவதும் மாறாது. அது வரத் தாமதமானால் சம்பளத்தில் கூடுதல் வரி பிடிக்கப்படலாம், ஆனால் பின்னர் சரிசெய்துவிடுவார்கள், பதற வேண்டியதில்லை.

பதற வேண்டியது மஞ்சள் உறைக்குத்தான். நீதிமன்றமோ அரசு அலுவலகமோ முறைப்படி அனுப்பும் இந்தக் கடிதத்தின் உறைமேல் தபால்காரர் தேதியை எழுதிவிட்டுப் போவார். நீங்கள் ஊருக்குப் போயிருந்தாலும், பிரித்தே பார்க்காவிட்டாலும், கெடு அந்தத் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கும். அபராத உத்தரவை ஆட்சேபிக்க இரண்டே வாரங்கள்தான். எனவே நீண்ட விடுமுறையில் போகும்போது நம்பிக்கையான ஒருவரிடம் பெட்டியின் சாவியைக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். உறையைக் குப்பையில் போடாமல் கடிதத்தோடு சேர்த்து வையுங்கள்.

பதிவு செய்த சில வாரங்களில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். அதை மோசடி என்று நினைத்துக் கிழித்துப் போட்டு, பிறகு தாமதக் கட்டணத்தோடு செலுத்தியவர்களை எனக்குத் தெரியும். வீட்டில் தொலைக்காட்சி இல்லாவிட்டாலும் கட்டியாக வேண்டும். 2021 ஆகஸ்டில் நிர்ணயிக்கப்பட்ட தொகை மாதம் 18.36 யூரோ. இது தலைக்கு அல்ல, வீட்டுக்கு. உடன் குடியிருப்பவர் ஏற்கெனவே கட்டுகிறார் என்றால் அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதினால் போதும்.

வாடகை முன்பணம் பற்றிச் சுருக்கமாக: வெப்பமூட்டல் முதலிய செலவுகள் சேராத 'கால்ட்மீட்டே' வாடகையில் மூன்று மாதத் தொகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மாதம் ஒன்றாக மூன்று தவணைகளில் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டைப் பார்க்காமல் யாருக்கும் பணம் அனுப்ப வேண்டாம்.

வீடு மாறினால் மறுபடியும் அதே இரண்டு வாரக் கெடு. நாட்டை விட்டே போவதாக இருந்தால் பதிவை நீக்க வேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அதைச் செய்யலாம். அப்போது தரும் சான்றைப் பத்திரப்படுத்துங்கள். மேலே சொன்ன வானொலி, தொலைக்காட்சிக் கட்டணத்தை நிறுத்தும்போது அதைக் கேட்பார்கள்.