டைம்டேபிள் போட்டும் படித்தது தேர்வில் ஞாபகம் வரவில்லை, என்ன செய்வது?

நீலப்பேனா:
பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். பள்ளி விட்டு வந்ததிலிருந்து தூங்கும் வரை புத்தகத்தோடுதான் இருக்கிறேன், ஆனால் கேள்வித்தாளைப் பார்த்ததும் பதில் எந்தப் பக்கத்தில், எந்தப் படத்துக்குக் கீழே இருந்தது என்பதுகூட ஞாபகம் வருகிறது, பதில் மட்டும் வர மாட்டேன் என்கிறது. மணிக்கணக்காகப் பிரித்து டைம்டேபிள் எழுதி சுவரில் ஒட்டினேன். ஒரு நாள் கணக்கு இழுத்துவிட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாமே சரிந்துவிடுகிறது, அப்புறம் அந்தத் தாளைப் பார்த்தாலே எரிச்சல். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படித்தால் போதும்? விடியற்காலை நல்லதா, ராத்திரியா? 'போனைத் தூக்கிப் போடு' என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை வீட்டிலேயே தினமும் கேட்கிறேன்.

கடைசிபெஞ்ச்:
எத்தனை மணி நேரம் என்பதை விடு. அந்த நேரத்தில் புத்தகம் திறந்திருந்ததா, மூடியிருந்ததா, அதைச் சொல். திரும்பத் திரும்ப வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், அது பழக்கம், ஞாபகம் இல்லை. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரே பகுதியை நான்கு முறை படித்தது, இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்து அவர்களுக்குச் சுமார் 40 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 60-ஐ ஒட்டி. இதில் வேடிக்கை, நன்றாக ஞாபகம் இருக்கும் என்று அதிகம் நம்பியது அந்த நான்கு முறை படித்த குழுதான்.

நீ செய்ய வேண்டியது: ஒளிச்சேர்க்கை பாடம் என்று வை. ஒரு முறை கவனமாகப் படி, மூடு, வெள்ளைத் தாளில் தெரிந்ததை எழுது. பச்சையம், சூரிய ஒளி எல்லாம் வந்துவிடும். வெளியே வரும் ஆக்சிஜன் தண்ணீரிலிருந்தா, கார்பன் டை ஆக்சைடிலிருந்தா என்ற இடத்தில் பேனா நிற்கும். (தண்ணீரிலிருந்து.) அந்த நின்ற இடத்தை மட்டும் புத்தகத்தில் பார், மிச்சத்தை விடு. கலர் பேனாவால் கோடு போடுவதெல்லாம் கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான்.

கணக்குவாத்தியார்:
மேலே சொன்னது அறிவியலுக்குச் சரி, கணக்குக்கு இன்னொன்றும் வேண்டும். ஒரு பயிற்சியில் இருக்கும் எல்லாக் கணக்கும் ஒரே சூத்திரத்தில் போகும், அதனால் மூன்றாவது கணக்கிலேயே யோசிப்பது நின்றுவிடுகிறது, கைதான் ஓடுகிறது. தேர்வில் கஷ்டமே எந்த வழியில் போடுவது என்று தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. ஆகவே இன்று நடத்தியதில் நான்கு, போன வாரப் பாடத்தில் இரண்டு, போன மாதத்ததில் இரண்டு என்று கலந்து போடுங்கள். மெதுவாகத்தான் போகும், தப்பும் கூடும், பரவாயில்லை.

டைம்டேபிளுக்கு வருகிறேன். ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை எல்லாருமே குறைத்துத்தான் போடுகிறோம். கானமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-லேயே இதற்குத் திட்டமிடல் பிழை என்று பெயர் வைத்துவிட்டார்கள், உங்கள் சோம்பேறித்தனம் இல்லை இது. ஒரு வாரம் டைம்டேபிளே வேண்டாம். ஒவ்வொரு வேலையும் தொடங்கிய நேரம், முடித்த நேரம் மட்டும் குறித்து வையுங்கள், கணக்கு வீட்டுப்பாடம் நிஜமாக எவ்வளவு தின்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் 'ஏழு முதல் எட்டு இயற்பியல்' என்று எழுதாமல் 'ஒளியியலில் ஆறு கணக்கு' என்று எழுதுங்கள். வாரத்தில் ஒரு மாலையைக் காலியாக விடுங்கள், சரிந்ததெல்லாம் அங்கே போகட்டும்.

இரவுஆந்தை:
காலையா ராத்திரியா என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பதின்ம வயதில் உடம்பின் கடிகாரமே தள்ளிப் போகிறது, சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வராது, அதனால் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். எந்த நேரம் ஓடுகிறதோ அதில் படி. ஆனால் 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் சொன்னது, அதில் கை வைக்காதே. படித்தது மூளையில் நன்றாகப் படியத் தூக்கம் வேண்டும், தேர்வுக்கு முந்தின ராத்திரி முழித்துப் படிப்பது வீண் வேலை.

போனைப் பற்றி ஒரு வரி, திட்டாதே. தூக்கிப் போட வேண்டாம், இருபத்தைந்து நிமிடம் அடுத்த அறையில் வை, ஐந்து நிமிடம் போய்ப் பார்த்துவிட்டு வா.

நீலப்பேனா:
எல்லாருக்கும் நன்றி. உயிரியலில் ஒரு பாடத்தை மூடி வைத்து எழுதிப் பார்த்தேன். கால் பக்கம்கூட வரவில்லை, அதற்கே முக்கால் மணி நேரம் போய்விட்டது. எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்தால் எப்போது முடிப்பது?

கடைசிபெஞ்ச்:
முதல் தடவை அப்படித்தான் இருக்கும். நாளைக்கு அதே பாடத்தைப் படிக்காமல் நேராக எழுது, பத்து நிமிடம் போதும். அப்புறம் மூன்று நாள் விட்டு, அப்புறம் ஒரு வாரம் விட்டு. ஒவ்வொரு தடவையும் நேரம் குறையும். எல்லாப் பாடத்தையும் ஒரே நாளில் ஆரம்பிக்காதே, அதிகம் சொதப்பும் இரண்டை மட்டும் முதலில் எடு. தேர்வுக்கு இன்னும் எத்தனை வாரம் இருக்கிறது? அதைச் சொல், எதை எப்போது எழுதிப் பார்ப்பது என்று சேர்ந்து போட்டுவிடலாம்.