திரை உடைந்த கேமரா: லோரோங் கூலிட்டில் வாங்கியது, இரண்டு தைப்பூசம் எடுத்தது

ஆயர் ஈத்தாம், பினாங்கு

2023 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் ஒரு நிக்கான் டி80 கேமராவை 90 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். ஓடாத கைக்கடிகாரங்கள், மின்விசிறி மோட்டார், மூக்கு உடைந்த கெண்டி இவற்றுக்கு நடுவே தார்ப்பாயில் கிடந்தது. விற்ற சீனப் பெரியவர் எதையும் மறைக்கவில்லை. கேமராவைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டி, "ரோசாக்" (மலாயில் பழுது) என்று ஒரே சொல்லில் முடித்தார். திரையின் இடது மூலையில் விரல் நகம் அளவுக்கு ஒரு நொறுங்கல். அங்கிருந்து மை கொட்டியதுபோல் கறுப்பு பரவி முக்கால் திரையை விழுங்கியிருந்தது.

இது மேல்தகட்டில் விழுந்த கீறல் இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. திரைக்கு வெளியே பாதுகாப்புக்காக இருக்கும் தகடு மட்டும் உடைந்திருந்தால் உள்ளே படம் ஒழுங்காகத் தெரியும். தகட்டை மாற்றினால் போதும். கறுப்பு பரவியிருந்தால் உள்ளிருக்கும் எல்.சி.டி. உடைந்துவிட்டது என்று பொருள். அது நாளுக்கு நாள் பரவுமே தவிர குறையாது. மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. திரை முழுக்க இருட்டாக இருக்கும், ஆனால் கைவிளக்கைச் சாய்த்து அடித்தால் படம் மங்கலாகத் தெரியும். அங்கே போனது பின்னொளி மட்டும்தான்.

தெரிந்தும் நான் வாங்கியதற்குக் காரணம் இந்தக் கேமராவின் மேல்பக்கம். 2006இல் வந்த மாடல் இது, 10.2 மெகாபிக்சல். வலது தோளில் கால்குலேட்டரில் இருப்பது போன்ற ஒரு சிறு கணக்குத் திரை இருக்கிறது. ஷட்டர் வேகம், அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), பேட்டரி, இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் என்பதெல்லாம் அங்கேயே தெரியும். ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு அளவு), வெள்ளைச் சமநிலை (நிறத்தைச் சரிசெய்வது), படத்தின் தரம் ஆகியவற்றுக்குப் பின்பக்கத்தில் தனித்தனிப் பொத்தான்கள். பொத்தானை அழுத்திக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினால் மேலே எண் மாறும். பின்திரை செத்தாலும் கேமராவின் கையும் காலும் உயிரோடு இருக்கின்றன. அதே காலத்து டி40 மாடலில் இந்த மேல்திரை கிடையாது. அதன் அமைப்புகளில் பெரும்பாலானவை பின்திரைக்குள்தான் இருக்கின்றன. அதுவே 40 வெள்ளிக்குக் கிடைத்தாலும் திரை உடைந்திருந்தால் தொடமாட்டேன். கண் வைத்துப் பார்க்கும் துளையான வியூஃபைண்டரே இல்லாத சின்னக் கேமராக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. திரை போனால் அவற்றுக்குக் கண்ணே போயிற்று.

பழைய கேமரா தேடித்தான் போயிருந்தேன் என்பதால் பையில் ஒரு மெமரி கார்டும், கைப்பேசியில் செருகும் கார்டு ரீடரும் இருந்தன. பெரியவர் கொடுத்த பேட்டரியில் கொஞ்சம் மின்சாரம் மிச்சமிருந்தது. மாட்டியிருந்த 18-55 லென்ஸை வானத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தேன். நம் ஊர் ஈரத்துக்கு லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்திவலை மாதிரி படரும். அது இருந்திருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்திருப்பேன். பிறகு அபெர்ச்சரைச் சுருக்கி எஃப்16இல் வெறும் வானத்தை ஒரு படம், பெரியவரின் கைகளை ஒரு படம், நிழலில் கிடந்த கெண்டியை ஒரு படம். கார்டை எடுத்துக் கைப்பேசியில் போட்டுப் பார்த்தேன். வானத்தில் இரண்டு தூசிப் புள்ளிகள், அவ்வளவுதான். பெரியவரின் நகத்தில் படிந்திருந்த எண்ணெய்க் கோடுகூடத் தெளிவாக இருந்தது. அவரிடம் காட்டினேன். கைப்பேசியை வாங்கி நெடுநேரம் தம் கைகளையே பார்த்தார். 120 என்று சொல்லியிருந்தவர், கேட்காமலே 90 ஆக்கினார்.

கார்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்த வயதுக் கேமராக்களுக்கு 32 ஜி.பி.க்கு மேல் வேண்டாம். 64 ஜி.பி. கார்டுகள் வேறு வகை, அவற்றை இது ஏற்காது. கேமரா பழுது என்று நினைத்து மனம் நோகவேண்டிவரும்.

வீட்டுக்கு வந்ததும் தேதி அமைக்க வேண்டியிருந்தது. அது மெனுவுக்குள் இருக்கிறது, மெனுவோ கறுப்புக்குள் இருக்கிறது. இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். கேமராவின் பக்கவாட்டில் ரப்பர் மூடிக்கு அடியில் வீடியோ துளை இருக்கும். மஞ்சள் முனை கொண்ட கேபிளால் அதைத் தொலைக்காட்சியில் இணைத்தால், பின்திரையில் தெரியவேண்டியது எல்லாம் தொலைக்காட்சியில் தெரியும். கூடத்தில் உட்கார்ந்து தேதியையும் நேரத்தையும் சரிசெய்தேன். படம் எடுத்தவுடன் பின்திரையில் தானாகக் காட்டும் வசதியையும் நிறுத்திவிட்டேன், கறுப்புத் திரைக்குப் பேட்டரியைச் செலவழிப்பானேன்? அதற்குப் பிறகு கேபிளைத் தொட வேண்டிய தேவை அதிகம் வரவில்லை. கார்டைத் துடைப்பதற்குக்கூடச் சிவப்புக் குறியுள்ள இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால் போதும். மேல்திரையில் எழுத்து மின்னும்போது மறுபடி ஒருமுறை அழுத்த வேண்டும்.

பழக எனக்கு இரண்டு வாரம் ஆனது. ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் தலை தானாகக் குனியும், கறுப்பைப் பார்க்கும், நிமிரும். மற்றொரு சிரமம் வெயில். எடுத்த படம் வெளுத்துப் போனதா என்று அங்கேயே தெரியாது. வெளுத்த இடத்தை வீட்டில் மீட்கவும் முடியாது, இருண்ட இடத்தை ஓரளவு மீட்கலாம். ஆகையால் நடுப்பகலில் கூட்டல் கழித்தல் குறியுள்ள பொத்தானை அழுத்தி, வெளிச்சத்தை 0.7 குறைத்து வைத்துக்கொள்கிறேன். வெள்ளை வேட்டியும் கோபுரமும் ஒரே படத்தில் வந்தால் 1.0.

2024 ஜனவரியில் செட்டிப்பூசம், அதாவது தைப்பூசத்துக்கு முந்தைய நாள். லெபோ பினாங்கில் இருக்கும் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டு, முருகன் கோவில் இருக்கும் தண்ணீர்மலைப் பக்கம் போகும். 2017 முதல் வேலைத் தாங்கித் தங்க ரதமும் போகிறது. வழியெல்லாம் தேங்காய் மலை. ரதம் நெருங்கியதும் உடைப்பவர்கள் இரண்டு கையாலும் எடுத்து எறிவார்கள், சாலை வெள்ளமாகும். என்னைச் சுற்றிப் படம் எடுத்தவர்கள் எல்லாரும் ஒவ்வொரு உடைப்புக்குப் பிறகும் குனிந்து தங்கள் திரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்திருப்பேன், என்னிடம் பார்க்க ஒன்றும் இல்லை. அதனால் அந்த இடைவெளியிலும் கண் வியூஃபைண்டரிலேயே இருந்தது. அப்போதுதான் அந்தச் சிறுவன். தகப்பனின் தோளில் உட்கார்ந்து, ஒரு கையால் ஒரு காதை மட்டும் பொத்திக்கொண்டு, மறு கையைத் தெறிக்கும் தேங்காய்த் தண்ணீருக்கு நீட்டியிருந்தான். அழுத்தினேன். கிடைத்ததா என்று தெரியாமலேயே தண்ணீர்மலை வரை நடந்தேன், 513 படி ஏறினேன், இறங்கினேன். விடியற்காலை மூன்று மணிக்கு வீட்டில் கார்டைப் போட்டபோது இருந்தது. அவன் விரல்களுக்கு மேலே தேங்காய் ஓட்டுச் சில்லு ஒன்று காற்றில் நிற்கிறது. அது வரையில் நான் எடுத்ததில் இதுதான் நல்ல படம் என்று கூச்சமின்றிச் சொல்வேன்.

இழந்ததையும் சொல்லிவிடுகிறேன். குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் பக்கம் பூக்கட்டும் ஓர் அம்மா இருக்கிறார். தொடுத்துக்கொண்டிருந்தபோது இரண்டு படம் எடுத்தேன். "காட்டு தம்பி, பார்ப்போம்" என்றார். பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். கறுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்போது கழுவிக் கொண்டு வந்து கொடுத்துவிடு" என்றார். அடுத்த வாரம் 4ஆர் (நாலுக்கு ஆறு அங்குலம்) அளவில் இரண்டையும் அச்சுப் போட்டுக்கொண்டு போனேன். இரண்டிலும் கண் மூடியிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, படங்களை ஈரத்துணிக்கு எட்டாத இடத்தில் பத்திரமாக வைத்தார். எனக்குத்தான் அன்று முழுக்க மனம் ஆறவில்லை. திரை இருந்திருந்தால் அங்கேயே தெரிந்து இன்னொன்று எடுத்திருப்பேன். அன்று முதல் யாரை எடுத்தாலும் ஐந்துக்குக் குறையாமல் எடுக்கிறேன்.


செந்தூல், கோலாலம்பூர்

அண்ணா, உங்களுக்கு மேல்திரை இருந்தது. என்னுடையதில் அதுவும் இல்லை. இணையத்தில் "திரை சற்று மங்கல்" என்று போட்டிருந்தார்கள், 60 வெள்ளி கொடுத்தேன். வந்து சேர்ந்த கேமராவின் திரையில் ஒரு புள்ளிகூட எரியவில்லை. கேனன் பவர்ஷாட் ஏ590, 2008 மாடல், கடையில் கிடைக்கும் இரண்டு சாதாரண ஏ.ஏ. பேட்டரியில் ஓடும். விற்றவர் அதன்பிறகு பதிலே சொல்லவில்லை. "மங்கல்" என்றால் எரியும் நிலையில் ஒரு படம் கேட்டு வாங்கிப் பாருங்கள்; நான் கேட்கவில்லை.

தூக்கிப் போடாததற்குக் காரணம், அதன் மூலையில் கண் வைத்துப் பார்க்கும் ஒரு சிறிய கண்ணாடித் துளை இருந்ததுதான். திரையில்லாமல் காதை நம்பிப் பழகிவிட்டேன். பொத்தானைப் பாதி அழுத்தினால் குவியம் சரியானதும் இரண்டு முறை கூவும். ஒரு முறைதான் கூவினால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். துளைக்குப் பக்கத்தில் ஒரு விளக்கும் உண்டு. பச்சை என்றால் எடுக்கலாம், ஆரஞ்சு என்றால் பிளாஷ் அடிக்கப் போகிறது, ஆரஞ்சு மின்னினால் கை நடுங்கினால் படம் கலங்கும். பிளாஷை நிறுத்தும் வழி கண்ணுக்குத் தெரியாததால் கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன். கருவறைப் பக்கம் அது பளிச்சென்று அடித்து ஐயர் திரும்பிப் பார்த்த நாளில் ஒட்டியது.

துளையில் தெரிவதைவிடப் படத்தில் கூடுதலாக விழும், அதனால் தூரத்தில் கவலை இல்லை. கிட்டத்தில்தான் ஏமாற்றும். துளை லென்ஸுக்கு மேலே இருக்கிறது, ஆகவே கையெட்டும் தூரத்தில் எடுத்தால் தலை வெட்டுப்படும். வாழையிலையில் மகளின் முதல் சோறூட்டு, எனக்குக் கிடைத்தது இலையும் அவள் வாய்வரையும்தான். இப்போது கொஞ்சம் மேலே தூக்கிப் பிடிக்கிறேன். பத்துமலையில் 272 படிகளின் அடியில் நின்று அவளை எடுத்த படம் சரியாக வந்தது. பின்னால் படிகளின் வண்ணம் எல்லாம் விழுந்திருக்கிறது.

என் தம்பி திரையை மாற்றித் தருகிறேன் என்று திருகாணிகளைக் கழற்றினான். உள்ளே எதையோ தொட்டவுடன் கை தூக்கிப் போட்டது. பேட்டரியை முன்பே எடுத்திருந்தோமே, எப்படி அடித்தது?


ஆயர் ஈத்தாம், பினாங்கு

தங்கச்சி, தயவுசெய்து இனி திறக்க விடாதீர்கள். பிளாஷுக்கு மின்சாரம் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர்தான் அது. அதில் ஏறக்குறைய 300 வோல்ட் வரை இருக்கும், பேட்டரியை எடுத்த பிறகும் நெடுநேரம் தங்கும். சின்னக் கேமராக்களில் திரைக்குப் போகும் இடத்துக்குப் பக்கத்திலேயே அது உட்கார்ந்திருப்பதும் உண்டு. தம்பியின் கை நன்றாக இருக்கிறதா என்று எழுதுங்கள்.

உங்கள் கேமராவிலும் வீடியோ துளை இருக்கும், பக்கவாட்டு மூடியைத் திறந்து பாருங்கள். தொலைக்காட்சியில் இணைத்தால் பிளாஷ் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும், டேப் தேவைப்படாது. திரை மட்டும்தான் போயிருக்கிறதா என்பதும் அப்போது உறுதியாகிவிடும்.

பூக்கட்டும் அம்மாவை 2025 தைப்பூசத்துக்கு முன்தினம் மறுபடி எடுத்தேன். முன்பே சொல்லியிருந்ததால் தோடு மாற்றிக்கொண்டு வந்திருந்தார். ஏழு படம். ஆறில் கண் திறந்திருக்கிறது. ஆறையும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒன்று சுங்கைப் பட்டாணியிலிருக்கும் தங்கைக்காம்.