வயல் போனது எங்களுக்கு, இழப்பீடு வந்தது பக்கத்து கிராமத்துக்கு. பயிர்க் காப்பீடு இந்த வருடமும் கட்டலாமா?

கேள்வி: நீடாமங்கலத்துப் பெண்

வணக்கம். அப்பாவுக்கு நீடாமங்கலம் பக்கத்தில் 3 ஏக்கர், சம்பா மட்டும்தான். 2023 பிப்ரவரி முதல் வாரத்து மழையை டெல்டாவில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நாலு நாளில் அறுவடை மெஷின் வருவதாக இருந்தது. முற்றி நின்ற கதிர் அப்படியே சாய்ந்து, தண்ணீரிலேயே முளைவிட்டது. அப்பா வரப்பில் உட்கார்ந்து அந்த முளைத்த கதிரைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். 90 மூட்டை வரவேண்டிய இடத்தில் 31 மூட்டைதான் தேறியது.

அரசு அறிவித்த நிவாரணம், ஹெக்டேருக்கு 20,000 ரூபாய், வந்தது. ஆனால் ஏக்கருக்கு 500 ரூபாய் சொச்சம் கட்டிய காப்பீட்டில் ஒரு பைசா வரவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிராமத்துக்கு வந்தது. கேட்டால், "உங்கள் கிராமத்தில் மகசூல் குறையவில்லை" என்றார்கள். அப்பாவுக்கு 67 வயது. "இனி கட்ட மாட்டேன், அது சூதாட்டம்" என்கிறார். அவரிடம் என்ன சொல்வது?

பதில் 1: அறுவடைச் சோதனைக்காரர் (ஓய்வு)

அம்மா, 20 வருடத்துக்கு மேல் பயிர் அறுவடைச் சோதனைக்குப் போனவன் நான். உங்கள் அப்பாவின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் காப்பீடு செய்தது தன் வயலை அல்ல, கிராமத்தின் சராசரி மகசூலை. இதை அவரிடம் யாரும் விளக்கமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். குறை அங்கேதான் தொடங்குகிறது.

நெல்லுக்கு ஒரு வருவாய் கிராமத்தில் 4 வயல்கள். சர்வே எண்களிலிருந்து குலுக்கல் மாதிரி எண் எடுத்து வயலைத் தீர்மானிப்பார்கள். அதில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து கயிறு கட்டி, அறுத்து, அடித்து, எடை போடுவோம். அந்தச் சராசரியை உத்தரவாத மகசூலோடு ஒப்பிடுவார்கள். கடந்த 7 வருடத்தில் நல்ல 5 வருடத்தின் சராசரியை எடுத்து, அதில் குறிப்பிட்ட சதவீதத்தைத்தான் உத்தரவாத மகசூலாக வைக்கிறார்கள்.

ஒரு கணக்குக்கு, உத்தரவாதம் 30 மூட்டை, காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 36,000 என்று வையுங்கள். கிராமச் சராசரி 24 மூட்டை என்றால் குறைவு 20 சதவீதம், எல்லோருக்கும் ஏக்கருக்கு 7,200 ரூபாய். வயல் முழுதும் போனவருக்கும் அதேதான், ஒன்றும் ஆகாதவருக்கும் அதேதான். சராசரி 30ஐத் தாண்டிவிட்டால் யாருக்கும் எதுவும் இல்லை.

ஏன் இப்படி என்றால், வயல்வாரியாக முன்பே செய்து பார்த்தாயிற்று. 1972இல் குஜராத்தில் எச்-4 என்ற பருத்தி ரகத்தில் தொடங்கி, பிறகு தமிழ்நாடு உட்பட வேறு மாநிலங்களுக்கும் வந்து, 1978-79 வரை நடந்தது. சேர்ந்தவர்கள் 3,110 விவசாயிகள். வந்த பிரீமியம் 4.54 லட்சம், கொடுத்த இழப்பீடு 37.88 லட்சம். பள்ளமான வயல் வைத்திருப்பவர்தான் முதலில் வந்து சேருவார். யார் வயலில் எவ்வளவு போனது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவும் ஆள் இல்லை. பொருளாதாரப் பேராசிரியர் தாண்டேகர் பரிந்துரைத்த, ஒரு பகுதிக்கே சராசரி பார்க்கும் பகுதிவாரி முறை 1979இல் சோதனையாக வந்தது. 1985, 1999, 2016இல் வந்த பயிர்க் காப்பீட்டுத் திட்டங்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

அப்பா சூதாட்டம் என்கிறாரே, அதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். உண்மையான பிரீமியம் அதைப்போலப் பல மடங்கு. மிச்சத்தை மத்திய அரசும் மாநில அரசும் கட்டுகின்றன. ஊரே முழுகும் வருடத்துக்கு இவ்வளவு மலிவான பாதுகாப்பு வேறு கிடையாது. கட்டச் சொல்லுங்கள்.

பதில் 2: நன்னிலம் விவசாயி

ஐயா சொன்ன கணக்கு சரி. ஆனால் ஒரே கிராமத்தில் மேட்டு வயலுக்கும் வடிகால் ஓரத்துப் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 4 இடம் காட்டிவிடுமா? எங்கள் ஊரில் அந்த வருடம் மேட்டு வயல்கள் மழைக்கு முன்பே அறுத்தாயிற்று. சகோதரி, உங்கள் ஊரில் சோதனை எந்தத் தேதியில், எந்த சர்வே எண்ணில் நடந்தது என்று கேட்டீர்களா? இனி சோதனை நடக்கும்போது ஊர்க்காரர்கள் நாலு பேர் கூடவே நில்லுங்கள். எடை போடும்போது எட்டிப் பார்க்க நமக்கு உரிமை இருக்கிறது.

இன்னொன்று. வயலில் வெள்ளம் தேங்கினால் அந்த வயலுக்குத் தனியாக இழப்பீடு என்பது நெல்லுக்கு 2018இல் எடுக்கப்பட்டது. டெல்டாவுக்கு அதைவிடப் பெரிய அடி கிடையாது. 2026 காரிஃப் (தென்மேற்குப் பருவமழையோடு தொடங்கும் பருவம்) முதல் மீண்டும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. நம் மாவட்ட அறிவிக்கையில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தண்ணீர் நின்ற 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் நன்றி. அப்பாவிடம் விசாரித்தேன். எங்கள் ஊரில் 4 சோதனையும் பொங்கல் கழிந்த பத்து நாளில், மழைக்கு முன்பே முடிந்துவிட்டதாம். எல்லாம் மேட்டு வயல். ஊரில் யாரும் தப்பு செய்யவில்லை, ஆனாலும் எங்கள் 3 ஏக்கர் அந்தச் சராசரிக்குள் வரவே இல்லை.

30 மூட்டை கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் வடிகாலைத் தூர்வார அந்தக் காசை வைத்திருப்பேனே" என்றார். பிறகு, இரண்டையும் செய்வோம் என்று முடிவானது. நாளைக் காலை அடங்கல் (எந்த வயலில் என்ன பயிர் என்ற கிராமப் பதிவு) வாங்க கிராம நிர்வாக அலுவலரிடம் போகிறார். கடைசித் தேதி நவம்பர் 15 என்று கூட்டுறவு சங்கத்தில் சொன்னார்களாம். குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கரையும் சேர்க்க வேறு என்ன தாள் வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.