பி0171 லீன் கோடு: கடைசியில காரணம் எங்கே இருந்துச்சு?

பதிவு
பி0171ன்னா கலவை லீன், அதாவது காத்து அதிகம் பெட்ரோல் கம்மின்னு இன்ஜின் கம்ப்யூட்டர் (இசியு) போடுற கோடு. எக்ஸாஸ்ட்ல இருக்கிற ஆக்சிஜன் சென்சார் புதுசு போட்டும் கோடு திரும்பத் திரும்ப வந்த வண்டி. ஐடில்ல லாங் டெர்ம் ட்ரிம் (இசியு நாளடைவில கத்துக்கிட்டு பெட்ரோலைக் கூட்டுற, குறைக்கிற சதவீதம்) +22, ஆக்ஸிலரேட்டரை 2500 ஆர்பிஎம்ல பிடிச்சா +5. இப்படி இறங்கினாலே வேக்யூம் லீக்தான், அதாவது அளக்காத காத்து ஓட்டை வழியா உள்ளே வருது. ஐடில்ல இன்ஜின் இழுக்குற காத்தே கொஞ்சம், அதனால ஓட்டை வழியா வர்றது பெரிய பங்கு. த்ராட்டில் திறந்தா அது ஒண்ணுமில்லாம போயிடும். இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட், பிரேக் பூஸ்டர் ஹோஸ் ரெண்டும் சரி. பிசிவி ஹோஸ் (கிராங்க்கேஸ் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோற குழாய்) மேலேருந்து பார்த்தா புதுசாட்டம் இருக்கு. வளைவுக்கு அடியில தடவினா ஆயில்ல ஊறி ரப்பர் கொழகொழன்னு, நகம் இறங்குற அளவுக்குக் கிழிசல். ஹோஸை இடுக்கியால நெரிச்சதும் ஷார்ட் டெர்ம் ட்ரிம் (அந்தந்த நேரத்துத் திருத்தம்) மைனஸ் இருபதுக்குப் போச்சு, லீக் நின்னதால கூட்டின பெட்ரோலை இசியு குறைக்குது!

பதில் 1
இங்கே நேர் எதிர். ஐடில்ல +3, மேடு ஏறும்போது +18. ஃபியூயல் ரயில்ல (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் போற குழாய்) பிரஷர் கேஜ் மாட்டி ஓட்டினா, லோடு ஏற ஏற முள் இறங்குது. ஃபில்டர் அடைப்பு. பம்ப் நல்லாவே இருந்துச்சு.

பதில் 2
"இறங்கினாலே வேக்யூம் லீக்தான்" என்பதை ஏற்க முடியாது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், சென்சாருக்கு முன்னால் விரிசல் இருந்தாலும் ட்ரிம் இப்படித்தான் காட்டும். ஐடிலில் விரிசல் வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் லீன் என்று சொல்லும். இசியு தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். அப்படி வந்த ஒரு வண்டியில் பிளக் நாலும் கரி. நிஜமாகவே லீன் என்றால் பிளக் ஏன் கரி பிடிக்கிறது? காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் சத்தம், சூடானதும் நின்றுவிடும். விரிசலைச் சுற்றிக் கறுப்புப் புகைக்கோடு.

பதில் 3
ஏர்ஃப்ளோ சென்சார் (உள்ளே போற காத்தை அளக்குறது) அழுக்கானாலும் லோடுலதான் லீன் ஆகும், அதனால பதில் 1ல செஞ்ச மாதிரி கேஜ் மாட்டிப் பார்க்காம பம்ப் வாங்காதீங்க. கேஜ் சரியா நின்னா சென்சாரைக் கழட்டி, அதுக்குன்னே விக்கிற க்ளீனரை மட்டும் அடிங்க. பிரேக் க்ளீனர் வேண்டாம், கம்பியைத் துணியால தொடவும் வேண்டாம், நல்லா காய்ஞ்ச பிறகு கனெக்டர் மாட்டுங்க. லீக் தேட சூடான மேனிஃபோல்டு மேல கார்ப் க்ளீனர் அடிக்கிறவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க, தீப்பிடிக்கும். ஸ்மோக் மெஷின் (புகையை உள்ளே அனுப்பி ஓட்டையைக் காட்டுறது) வைங்க, 1 பிஎஸ்ஐக்கு மேல ஏத்தாதீங்க, சீல் பிதுங்கிடும். ஏர்ஃப்ளோ சென்சார் இல்லாம மேப் சென்சார் (மேனிஃபோல்டு பிரஷரை அளக்குறது) மட்டும் இருக்கிற வண்டியில லீக் இருந்தா ட்ரிம் பெருசா ஏறாது, ஐடில்தான் ஏறும். வேலை முடிஞ்சதும் பழைய ட்ரிம்மை அழிச்சுட்டு ஐடில், லோடு ரெண்டுலயும் மறுபடி பாருங்க.