சாவிஞான் பிளாங்க்: தோலுடன் ஊறவைக்கும் நேரம் குறித்து ஆலோசனை தேவை

வணக்கம். நியூசிலாந்தின் மார்ல்பரோவில் ஒயின் தயாரிப்புப் பயிற்சியில் இருக்கிறேன். சாவிஞான் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சை ரகத்தின் ஒயினுக்குப் பேஷன் பழ வாசனை தரும் தயோல்கள் (கந்தகம் கொண்ட மணச் சேர்மங்கள்), திராட்சையில் பெரும்பாலும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்துடனோ குளுட்டாதயோன் என்ற சிறு பெப்டைடுடனோ பிணைந்து மணமின்றி இருப்பவை. நொதிக்கும்போது ஈஸ்ட்தான் அவற்றை விடுவிக்கிறது என்பதால், பழத்தைக் கடித்துப் பார்த்தால் அந்த வாசனை அவ்வளவாகப் பிடிபடுவதில்லை. நசுக்கிய பழத்தைத் தோலுடன் குளிரில் ஊறவைத்தால் இந்தப் பிணைந்த சேர்மங்கள் சாற்றில் கூடுகின்றன. ஆனால் ஃபீனால்கள் எனும் கசப்புச் சேர்மங்களும் பொட்டாசியமும் கூடவே இறங்குவதால் கசப்பு தலைகாட்டி, பி.எச். உயர்ந்து (அதாவது அமிலத்தன்மை குறைந்து), புளிப்பின் கூர்மை மழுங்கிவிடுகிறது. எந்த வெப்பநிலையில், எவ்வளவு நேரம் ஊறவைக்கலாம் என்பதை நீங்கள் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? இயந்திர அறுவடையில் தோல் கிழிந்து, தொட்டிக்கு வரும் வழியிலேயே பழம் சாற்றில் ஊறத் தொடங்கிவிடுவதால், அதன்பின் தனியாக ஊறவைப்பது மிகையென்றே எனக்குத் தோன்றுகிறது. அதிக அழுத்தத்தில் வரும் கடைசிப் பிழிவுச் சாற்றைத் தனியே நொதிக்கவிட்டவர்கள் தங்கள் அனுபவத்தையும் பகிர்ந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.